எந்தக் கோயில் என்று கேட்காத ஊர்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பரளச்சிப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில் நடந்தது இது. நான் பாளையம்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. என் பிள்ளைகள் பத்திரிகையில் வரும் இந்தச் சிறுவர் பக்கத்தை விடாமல் வாசிப்பார்கள். அவர்கள் வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

என் தங்கை குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அவள் மகள், அதாவது என் மருமகள், எட்டு வயதில் அங்கே போனாள். அதற்கு முந்தைய வருடம் அவளுக்குக் காய்ச்சல் முற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தாள். நான் வராந்தாவில் நின்று, 'சாமி, பிள்ளை பிழைத்தால் அவள் முடி முழுவதும் உனக்கு' என்று வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டாள். விசா, டிக்கெட் என்ற அவசரத்தில் வேண்டுதல் நின்றுபோனது. ஐந்து வருடம் கழித்து, பதிமூன்று வயதில் அவள் லீவுக்கு வந்தபோது அதை ஞாபகப்படுத்தியது நான்தான். அப்போது அவளுக்கு இடுப்பு வரை முடி.

கோயிலில் பொங்கல் வைத்தாயிற்று. முடி இறக்குகிறவர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கை மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணே, பூமுடி மட்டும் குடுத்துருவோமா? இன்னும் மூணு வாரத்துல அவளுக்குப் பள்ளிக்கூடம்."

பூமுடி என்றால் மூன்று கொத்து மட்டும் நறுக்கிச் சாமிக்குக் கொடுப்பது. முடி இறக்குகிறவரும், "பொம்பளப் புள்ளைக்கு அது போதும்யா. சாமி ஏத்துக்கும்" என்றார்.

"முழுசான்னு வாய் விட்டவன் நானு. இப்ப மூணு கொத்தக் காட்டி ஏமாத்தவா?" என்றேன்.

பொங்கல் பானைப் பக்கமிருந்து என் மனைவி சொன்னாள்: "வேண்டிக்கிட்டது இவுகதான? அப்ப இவுக தலையிலயே கத்திய வைங்க. அங்கதான் ஒண்ணுமே இல்லையே, ரெண்டு இழுப்புல முடிஞ்சிரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் என் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, அங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"சாமிக்குக் குடுத்தேன்னு சொல்லு தாயி."

"அவங்களுக்குப் புரியாது மாமா. எனக்கு வேணாம்."

"முடிதான தாயி, வளந்துரும்."

தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும் வயதை அவள் தாண்டியிருந்தாள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி முடி இறங்கும்போது கையை விட்டுவிட்டாள். வெயிலில் கை வியர்த்திருக்கும் என்று நினைத்தேன். முடிந்ததும் சந்தனம் தடவி, "ராசாத்தி மாதிரி இருக்க" என்றேன்.

ஆவணி கடைசியில் தங்கை போனில் அழுதாள்.

நம் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் 'எந்தக் கோயிலு?' என்று கேட்பார்கள். பதில் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. அங்கே மருமகளின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, 'எந்த ஆஸ்பத்திரி?' என்று கேட்டிருக்கிறாள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் முடி கொட்டும் அல்லவா, அப்படி நினைத்துவிட்டார்கள். அவர்கள் பாஷை மருமகளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குலசாமி, வேண்டுதல், மாமா என்று எங்கிருந்து தொடங்குவது? தெரியாமல், 'அந்த நோயா?' என்று அடுத்துக் கேட்டதற்கு ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டாள்.

வகுப்பே சேர்ந்து பெரிய அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாம். அந்தப் பிள்ளை ஒரு கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து இவள் தலையில் மாட்டிவிட்டாள். அதே நோயில் இறந்துபோன அவளுடைய அம்மா போட்டிருந்த தொப்பி அது. அதற்கு மேல் உண்மையைச் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளையின் அப்பா, சாப்பாடு சமைத்து எடுத்துக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். தங்கைக்கு எதுவும் தெரியாது. நோயெல்லாம் இல்லை, கோயிலுக்கு மொட்டை போட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

மறுநாள் அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் தொப்பியைத் திருப்பிக் கேட்டாளாம். திட்டவில்லை, கையை மட்டும் நீட்டினாளாம். அன்றிலிருந்து மருமகளுக்குப் பொய்க்காரி என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. 'நான் பொய் சொல்லலம்மா, தலையத்தான் ஆட்டுனேன்' என்று வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் வரவில்லை.

அடுத்த ஆடியில் அதே கோயிலுக்குத் தனியாகப் போய், எனக்கிருந்த கொஞ்ச முடியையும் இறக்கினேன். திரும்பும் வழியில் டீக்கடைக்காரர், "எந்தக் கோயிலுண்ணே?" என்றார். சொன்னேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். மொட்டைத் தலையைப் போட்டோ எடுத்து மருமகளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு வரி வந்தது: 'உங்கள யாரும் ஒண்ணும் கேக்கலையா மாமா?'

அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வரவில்லை. இந்த வருடமும் தங்கை மட்டும் வந்து போனாள். முடி நன்றாக வளர்ந்துவிட்டதாம். ஆனால் அவளே காது வரைக்கும் வெட்டிக்கொள்கிறாளாம்.

பிள்ளைகளே, சாமியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. வேண்டிக்கொண்டது நான், முடி அவளுடையது. என் மனைவி சிரிக்கச் சிரிக்கச் சொன்னது எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆனது. மருமகள் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தாள், கேட்க வேண்டியவன் நான். சாமிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். பாதியில் என்னை விட்ட மருமகளின் கையை மட்டும் இன்றுவரை என்னால் திரும்பப் பிடிக்க முடியவில்லை.