வெளியே தெரிய வேண்டிய தேதி

காப்பீட்டுக் கம்பெனியில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது யார் என்று அவர் மேஜை மேஜையாக விசாரித்துப் பார்த்தார். விசாரித்ததாலேயே பெயர் நிலைத்துவிட்டது.

எரிந்த கடை, நசுங்கிய லாரி, மழையில் சரிந்த சுவர், எதுவானாலும் நஷ்டத்தை மதிப்பிட அவரைத்தான் அனுப்புவார்கள். எரிந்த கடைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் கரியைப் பார்ப்பார்கள். அவர், எரியாமல் தப்பித்தது எது, அதை முந்தின நாளே வெளியே எடுத்து வைத்தது யார் என்று பார்ப்பார். பாதிக்கு மேல் அவர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. வினையே அதில்தான். வேலையில் பலித்த சந்தேகம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்று விழுந்துவிடுமா? பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மாடிவீட்டுக்காரர் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால், இத்தனை நாள் கேட்காதவர் இன்றைக்கு ஏன் கேட்டார் என்று சாப்பாட்டுத் தட்டு வரை அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

அப்படிப்பட்ட மனுஷர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அந்தக் கார். மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்தது. பஸ்ஸில் போனால் பாதி ஆயுசு பஸ்ஸிலேயே போய்விடும். நாலு கதவு, சாம்பல் நிறம், பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் வண்டி. மிதித்தால் பந்தயக் குதிரை. மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் முனகிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று ஒரே பார்வையில் பிடித்து வாங்கிவிட்டார். மனைவி அவரைவிட நன்றாக ஓட்டினாள். அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரம் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்து பையை ஆணியில் மாட்டினாள்.

"தண்ணித் தொட்டி வளைவுல வண்டி வழுக்கிடுச்சுங்க. பின்பக்கம் அப்படியே இழுத்துக்கிட்டுப் போச்சு. எதிர்ல வண்டி வரல, அதனால பிழைச்சேன்."

"எவ்வளவு வேகத்துல போனே?" என்றார் அவர்.

அவள் அவரைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போய்க் காபி போட்டாள். தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு காலியா இருக்கு. எனக்குத் தர்றதாச் சொல்லியிருக்காங்க. மழை முடியற வரைக்கும் அங்கேயே இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன்."

அவர் எடுத்த தம்ளரைத் திரும்பக் கீழே வைத்தார். வழுக்கினது இன்றைக்கு, வீடு எப்போது கேட்டாள்? கேட்காமல் யாராவது தருவார்களா? கேட்டிருந்தால், எதற்குக் கேட்டாள்?

"டயர் தேஞ்சிருக்கும். நான் மாத்திடறேன்."

"மாத்துங்க. வண்டி வழுக்காம ரோட்டுல நின்னுச்சுன்னா நான் ஏன் போகப்போறேன்?"

அந்த 'ஏன்' அவருக்குள் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. டயர் நின்றால் அவள் நிற்பாள். அவ்வளவுதான் கணக்கு என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வேலையில் இறங்கினார்.

டயர் வாங்குவது என்பது மற்றவர்களுக்கு ஒரு மத்தியான வேலை. அவருக்கு அது ஒரு வழக்கு. டயரைப் புகழ்ந்து எழுதியவர்கள் எல்லாம் கம்பெனி ஆட்கள், திட்டி எழுதியவர்கள் எல்லாம் போட்டிக் கம்பெனி ஆட்கள் என்று முடிவு கட்டினார். "பரவாயில்லை" என்று எழுதியிருந்த ஒருவரை மட்டும் நம்பலாம் என்று தோன்றியது. பிறகு அவர் மீதும் சந்தேகம் வந்தது.

மனைவியின் தம்பி ஒரு கடையைச் சிபாரிசு செய்தான். மரச்சாமான் கடை வைத்திருப்பவன், வாய் மட்டும் சாமானுக்கு இலவச இணைப்பு.

"எனக்குத் தெரிஞ்ச கடைதான் அத்தான். நல்ல மனுஷன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் கடையிலதான் சோபா வாங்கினார்."

"ஓஹோ. சோபாவுக்குப் பதிலா நான் போறேனா?"

"ஐயோ அத்தான்! நீங்க சோபா மாதிரி சும்மா உக்காந்திருந்தா உங்களை யார் வேணும்னாலும் வாங்கிக்குவாங்களே!" என்று சிரித்தான் அவன். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அங்கே போய் டயரைச் சுத்திச் சுத்தி வராதீங்க. சுத்தறது டயரோட வேலை."

கடை நெடுஞ்சாலைத் திருப்பத்தில் இருந்தது. புது ரப்பர் வாசனை, காற்றடிக்கும் இயந்திரத்தின் விக்கல், சுவர் முழுக்க அடுக்கடுக்காய்க் கறுப்பு வளையங்கள். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "அடேயப்பா, நல்ல வண்டி சார்" என்றார். வண்டியைப் புகழ்ந்ததும் பூதக்கண்ணாடி ஓரடி பின்வாங்கினார்.

"இதுக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி அதைவிட அகலம். மாத்தி மாத்திப் போட்டுக்க முடியாது. வேகத்துக்கு ஏத்த ரகமாவும் இருக்கணும், சாதா டயர் போட்டா சூடு தாங்காது. மூணு வகை இருக்கு சார். ஒண்ணு காஞ்ச ரோட்டுல அட்டை மாதிரி ஒட்டும், ஆனா மழையில நம்ப முடியாது. இன்னொண்ணு ரொம்ப நாள் உழைக்கும், ஆனா கொஞ்சம் கட்டை. இது நடுவுல. மழைக்குன்னே செஞ்சது."

நடுவில் இருப்பதைக் காட்டினால் எவனும் நம்பிவிடுவான் என்று இவன் தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவருக்குள் பட்சி சொன்னது. ஆனாலும் மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. தண்ணித் தொட்டி வளைவு ஞாபகத்துக்கு வந்தது. மழை டயரையே தொட்டுப் பார்த்தார். ஒரு ஓரம் கட்டி கட்டியாக, மறு ஓரம் வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருந்தது.

"இதுல ஒரு விஷயம் கவனிக்கணும் சார். இந்த டயருக்கு..."

"அதெல்லாம் இருக்கட்டும். எப்போ செஞ்சதுன்னு காட்டுங்க."

கடைக்காரர் பேச்சை விழுங்கிவிட்டு, டயரின் பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருந்த நாலு எண்களைக் காட்டினார். செய்த வாரமும் வருஷமும். புதுச் சரக்குதான். நாலு டயரிலும் காட்டச் சொன்னார். காட்டினார். மறுபடியும் ஒருமுறை காட்டச் சொன்னார். பக்கத்தில் ஸ்பேனரோடு நின்ற ஆள், "ஜாதகம் பாக்கறாரு போல" என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும்.

டயரை மாட்டும்போது மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஏன் கூடாது? கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இயந்திரம் பாதியை மறைத்தது, ஸ்பேனர்காரரின் முதுகு மீதியை மறைத்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முதல் வேலையாகக் குந்தி உட்கார்ந்து தேதியைத் தேடினார். காணோம். அடுத்த சக்கரம். காணோம். நாலிலும் காணோம். என்னென்னவோ எழுத்து இருந்தது, அந்த நாலு எண் மட்டும் இல்லை.

"மாத்திட்டான்!" என்றார் அவர், பூந்தொட்டியிடம்.

திரும்பக் கடைக்குப் போகலாம். ஆனால் திருடனிடமே போய்த் திருட்டைப் பற்றிக் கேட்பது அவர் தொழில் தர்மத்தில் இல்லை. மூன்றாம் ஆள் சாட்சி வேண்டும். நாலு தெரு தள்ளி இருந்த பஞ்சர் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பஞ்சர் கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் புரட்டிக் காட்டினார்.

"இதோ இருக்குதே சார் உங்க தேதி. உள்பக்கமாப் போயிருக்கு. ஒரு பக்கம்தான் போடுவாங்க."

அதே எண்கள். மாற்றவில்லை. வேறு யாராயிருந்தாலும் அங்கேயே சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவருக்கோ வேறு கவலை பிடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நாள் பூராவும் நிற்கிறது. நல்ல டயரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? தேதி வெளியே இருந்தால் தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

"நாலையும் திருப்பிப் போடுங்க. தேதி எனக்கு வெளியே தெரியணும்."

"ரெண்டு பக்கமும் உருளப்போறதுதானே. உங்க இஷ்டம்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

சாயங்காலம் மனைவிக்கு வண்டியைக் காட்டும்போது அவருக்கு ஒரு மாப்பிள்ளைக் களை வந்திருந்தது. அவளும் சக்கரத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்றாள். அடுத்த சில நாள் மழை இல்லை. அவள் போனாள், வந்தாள். குவார்ட்டர்ஸ் பேச்சு எழவில்லை. அவர் தினமும் காலையில் நாலு சக்கரத்துக்கும் குந்தி எழுந்தார்.

பிறகு மழை பெய்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

"மறுபடியும் அதே வளைவுங்க. தண்ணி மேல மிதக்கற மாதிரி போச்சு. தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் இருக்கறப்ப நின்னுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகல." குரல் சமமாக இருந்தது. அந்தச் சமம்தான் அவரைப் பயமுறுத்தியது. "குவார்ட்டர்ஸுக்குச் சரின்னு சொல்லிட்டேன். மழை விட்டதும் வந்து துணி எடுத்துக்கறேன்."

மறுநாள் வெயில் அடித்தது. அவள் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அலமாரிக் கதவு கிறீச்சிடும் சத்தம் தெரு வரை கேட்டது.

அவர் போனை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். கடைக்காரனைச் சும்மா விடுவதில்லை. தேதி, வகை, தேய்மானம், எல்லாவற்றையும் படம் பிடித்து, புகார் எழுதி, கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நாலு எண்களும் தெளிவாக விழுந்திருந்தன. அவற்றுக்கு ஒரு விரல் தள்ளி, அதே சுவரில், அவற்றைவிடப் பெரிய எழுத்தில் ஒரு இங்கிலீஷ் சொல் இருந்தது.

உள்பக்கம்.

அடுத்த சக்கரத்துக்கு ஓடினார். உள்பக்கம். பின்னால் ஓடினார். உள்பக்கம், உள்பக்கம். தண்ணீரை ஒதுக்கும் வாய்க்கால் வெட்டிய ஓரம் வண்டிக்கு அடியில் இருக்க வேண்டியது, வெளியே வந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தினமும் குந்தி உட்கார்ந்து பார்த்த இடம்தான். எண்ணைத் தேடின கண்ணுக்கு எழுத்து படவே இல்லை.

மண்டியிட்டபடியே இருந்தார். ஒரு யோசனை ஓடியது. இப்போதே கடைக்கு ஓட்டிப்போய்த் திருப்பிவிடலாம். 'அந்த முட்டாள்கள் மாற்றி மாட்டியிருக்கிறார்கள்' என்று வந்து சொல்லலாம். அவள் நம்புவாள். கடைக்காரர்களை அவர் திட்டாத நாள் இல்லையே. எரிந்த கடைகளின் வாசலில் நின்றுகொண்டு, இதே மாதிரி பொருத்தமான கதை சொன்னவர்களை எல்லாம் அவர் எத்தனை நிமிஷத்தில் பிடித்திருக்கிறார்! ஒவ்வொருவனும் இதே சௌகரியத்தோடுதான் ஆரம்பித்தான்.

உள்ளே போனார். அவள் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"டயர் மேல தப்பு இல்ல. கடைக்காரன் மேலயும் இல்ல. அவன் சரியாத்தான் போட்டுக் கொடுத்தான். தேதி வெளியே தெரியணும்னு நான்தான் பஞ்சர் கடையில திருப்பிப் போட வச்சேன்."

அவள் கை நின்றது. "திருப்பின்னா?"

"உள்பக்கம் வெளியே வந்துடுச்சு."

அவள் வாசலுக்குப் போய்க் குனிந்து படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு."

"ஆமா."

"தினமும் காலையில குந்தி உக்காந்து இதைத்தான் பாத்தீங்களா?"

"தேதியைப் பாத்தேன்."

"நான் மேல போயிருந்தா, டயர் எந்த வாரம் பொறந்ததுன்னு கரெக்டாச் சொல்லியிருப்பீங்க."

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் தரவில்லை. "நானும் வரேன்" என்றாள்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "யார் சார் செஞ்ச வேலை இது? நாங்க இப்படிப் போடலியே!"

"தெரியும். இது எங்க வீட்டுக் கைவேலை" என்றாள் அவள். ஸ்பேனர்காரர் சிரிப்பை மறைக்கக் கீழே விழாத போல்ட்டைத் தேடினார். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் பூதக்கண்ணாடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கக் கழுத்து நீண்டது. மனைவி பக்கத்தில் இருந்ததால் திரும்பி வந்தது.

கிளம்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மலைப் பக்கம் திருப்பினாள்.

"எங்கே?"

"பாக்க வேண்டாமா?"

ஏற்றம் ஏற ஏற மழை வலுத்தது. அவர் பக்கத்து இருக்கையில், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். தண்ணித் தொட்டி தெரிந்தது. ரோட்டில் தண்ணீர் தகடாக ஓடியது. அவள் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி வளைவோடு வளைந்து, கோட்டை விட்டு விலகாமல் மறுபக்கம் வந்துவிட்டது. அவள் ஓரமாக நிறுத்தி, ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

அவருக்கு நாக்கு நமநமவென்றது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"குவார்ட்டர்ஸ் கேட்டியே. வழுக்கறதுக்கு முன்னாடியே கேட்டியா?"

"முன்னாடியேதான்."

"வேற ஏதாவது காரணம் இருக்கா?"

"இருக்கு." அவள் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அங்கே போனா, வந்ததும் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

துடைப்பான் போய்ப் போய் வந்தது. மற்ற எந்தப் பதிலுக்கும் அவரிடம் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

"மழை முடியற வரைக்கும் வீட்டுல இருந்தே போய் வரேன்" என்றாள் அவள் கடைசியில். "அவங்ககிட்ட வீடு வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா சாயங்காலம் நான் உள்ளே நுழைஞ்சதும் ஒண்ணும் கேக்கக்கூடாது. சாப்பாடு எடுத்து வைக்கணும். அவ்வளவுதான்."

"சரி."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். என்ன சாப்பாடு?"

"பாத்தீங்களா!" என்றாள் அவள். சிரித்தாளா, பல்லைக் கடித்தாளா என்று அந்த வெளிச்சத்தில் அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் வண்டியைத் திருப்பி, மறுபடி அதே வளைவுக்குள் இறங்கினாள்.