சூடு ஆறாத கோழி எரு

பேருந்து நிலையத்தில் கோழி எரு ஏற்றிய லொறி வந்து நின்றதும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குச் சாம்பல்தீவில் எங்கள் குத்தகைக் காணி நினைவுக்கு வந்தது.

வெறும் மணல். நட்ட மிளகாய்தான் எங்கள் சாப்பாடு. அப்பா கூட்டில் வழித்த எருவைச் சுடச்சுடக் கன்றுகளின் அடியில் போட்டார்.

"இஞ்சேருங்கோ, குவிச்சுத் தண்ணி தெளிச்சு ஆற விடுங்கோ. மண்ணில இருக்கிற சீவன்கள் தின்னட்டும்," என்றாள் அம்மா.

"அதுகள் தின்னுமட்டும் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

அந்த வாரமே கன்றுகள் கருகின. சட்டிபானையைக் கட்டிக்கொண்டு புல்மோட்டைக்குக் கூலிக்கு மணல் அள்ளப் போனோம்.

மாரி முடிந்து, விட்டுப்போன கோடரியை எடுக்க வந்தோம். நாங்கள் விட்டுப்போன நிலத்தில் பக்கத்து வளவுக்காரர் நட்ட மிளகாய் இடுப்பளவு நின்றது.

"நான் ஒரு பிடி எருவும் போடேல்லை தம்பி. எல்லாம் நீங்கள் போட்டதுதான்," என்று அப்பாவிடம் சிரித்தார்.

அம்மா மண்ணைக் கிளறினாள். கறுத்த ஈரத்தில் புழுக்கள் நெளிந்தன.

"காணிக்காரரைக் கேட்டுப் பாப்பமே? திரும்பி வந்திடலாம்."

அப்பா கோடரியைத் தோளில் போட்டார். "பஸ் போயிடும், கெதியா நட."

அதன்பின் எந்த ஊரிலும் நாங்கள் இரண்டு மாரி இருந்ததில்லை.