யார் முதலில் கூப்பிடுவது

வீட்டில் அறிவிப்புப் பலகை நிலையம் நடத்துபவருக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. முறைப்பாடு மட்டும் நாள்தோறும் ஒழுங்காக வந்துசேரும். இணையம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்னர் மோடத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இதை வாசித்தால், மேற்கொண்டு விளக்கம் கேட்கமாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சில வரிகள். ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி இணைப்பு. வெளியிலிருந்து ஒருவர் தம் கணினியால் நம் கணினியை அழைத்து, பலகையில் ஒட்டுவதுபோல ஒரு செய்தியை எழுதிவிட்டுப் போகலாம். இப்படிப்பட்ட நிலையங்கள் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களைக் கைமாற்றிக்கொள்ளும். எங்களுக்கு அதற்கென்று குறித்த நேரம் காலை ஐந்து மணி.

யார் யாரை அழைப்பது என்பதை ஒரு கோப்பில் எழுதிவைப்போம். ஒரு நிலையத்துக்கு ஒரு வரி. அந்த வரியின் முடிவில் இரண்டு கட்டளைகளுள் ஒன்று இருக்கும். ‘அழை’ என்றால், கடிதம் இருக்கும்போது நம் கணினி தானே அழைத்துக் கொடுக்கும். ‘வைத்திரு’ என்றால், அவர்கள் அழைத்து எடுத்துச்செல்லும்வரை கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நான் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் கற்பித்தேன். கட்டுகஸ்தோட்டையில் இருந்த என் வீட்டு முன்னறையில் அந்தக் கணினி இருந்தது. போர் நடந்துகொண்டிருந்தது.

உள்ளே அழுகிற சாமான்

எனது முதல் இணைப்பு அக்குறணையில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த பாரூக் நானாவோடு. மூன்று கிழமைகளாக அந்த இணைப்பு நிலைக்கவில்லை. இரண்டு மோடங்களும் ஒன்றையொன்று கண்டுகொண்டு கீச்சிடும், பாதியில் அறுந்துவிடும். நான் வேகத்தைக் குறைத்தேன், கம்பியை மாற்றினேன், மோடத்தின் கையேட்டை இரண்டுமுறை முழுவதுமாக வாசித்தேன். பாரூக் நானா கடையிலிருந்த ஈயமெல்லாம் தீரும்வரை ஒட்டிப் பார்த்தார். எனக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்திருக்கும்: பிழை இயந்திரத்தில்தான் என்று நம்புவதற்கு நாம் எவ்வளவு உழைக்கிறோம்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அதே இணைப்பில் இன்னொரு தொலைபேசி இருந்தது. விடியுமுன் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும் பாரூக் நானாவின் மனைவி, மணி ஒலித்ததும் ஓடிப்போய் அதை எடுத்துவிடுகிறார். அந்தப் பெண்ணின் தம்பி கிழக்கே ஓர் ஊரில் இருந்தார். விடியற்காலையில் தொலைபேசி ஒலித்தால் நல்ல செய்தி வராத காலம் அது. நான் காரணத்தைச் சொன்னதும் அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேக்கிறன் டீச்சர், உள்ளுக்கு ஒரு சாமான் அழுகுது, மனுசர் ஒருத்தரும் பேசுறல்ல. அழுறது யாரெண்டாவது செல்லப்படாதா?”

விடுபட்ட ஏச்சு

இரண்டாவது இணைப்பு வவுனியாவோடு. அங்கே ஒரு நிவாரண அலுவலகத்தில் கணக்காளராக இருந்த சிவநேசன், அலுவலகம் திறக்குமுன் அங்கிருந்த கணினியால் என்னை அழைப்பார். நான் அவரை அழைப்பதில்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் அழைப்பு வாசற்காவலரின் கொட்டிலில் ஒலிக்கும்; வீதிக்கு அப்பால் இராணுவக் காவலரண் இருந்தது; ஏன் ஒலிக்கிறது என்று கேள்வி வரும். ஆகவே என் கோப்பில் வவுனியாவின் வரி ‘வைத்திரு’ என்று முடிந்தது. எனக்கு அவர் கொண்டுவருவதும் என்னிடமிருந்து அவர் கொண்டுபோவதும் அந்த ஒரே அழைப்பில் நடந்தன.

வவுனியாவுக்கு வடக்கே தொலைபேசி இல்லை. அந்தப் பக்கத்து வன்னியிலிருந்து வருபவர்கள் மடித்த தாள்களில் கடிதம் கொண்டுவருவார்கள். சிவநேசன் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டு அனுப்புவார். நான் தமிழில் எழுதி உரியவரிடம் சேர்ப்பேன். கலவரங்களில் தோட்டத்து லய வீடுகள் எரிந்தபின் வன்னிக்குப் போய்க் குடியேறிய மலையகத்தவர்களின் உறவினர்கள் எங்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் நிறைய இருந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் கலஹாவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பழனியம்மா. அவருடைய ஒரே மகள் ராசாத்தி, கலவரத்தின்போது பத்து வயதுப் பிள்ளையாக, மாமன் குடும்பத்தோடு வடக்கே போனவள். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணமும் முடித்துவிட்டாள். பன்னிரண்டு வருடங்களாகத் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. முதற் கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் பழனியம்மா தலையை ஆட்டினார். “இது எம்மக எழுதுனதில்லீங்க டீச்சரம்மா. பன்னெண்டு வருசமா வந்து பாக்காத ஆத்தாளுக்கு ஒரு ஏச்சுகூட ஏசாம எழுதுவாளா?”

நான் சிவநேசனிடம் விசாரித்தேன். அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். “நாலு வரி ஏச்சு இருந்தது அக்கா. தாய்மனம் நோகுமெண்டு விட்டிட்டன்.” எழுதியதை எழுதியபடியே அனுப்பவேண்டும், நமக்கு அதில் வேலையில்லை என்று அவருக்குச் சற்றுக் கடுமையாகவே எழுதினேன். அடுத்த கடிதம் முழு ஏச்சோடும் வந்தது. பழனியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இப்பத்தான் எம்மக. இன்னொருவாட்டி படிங்க.”

கடிதம் மாதிரித் தெரியாத கடிதம்

ஒருநாள் பிற்பகல் ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். நாள்தோறும் விடியற்காலையில் வவுனியாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் வீட்டுக்கு அழைப்பு வருகிறது, அதில் மனிதக் குரல் இல்லை. இதைவிடச் சந்தேகத்துக்குரிய ஒன்றை நானே கற்பனை செய்திருக்க முடியாது. அதிகாரி பண்பானவர், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டவர். அவருக்குக் கோப்புகளைத் திறந்து காட்டினேன். காய்ச்சல், காணாமற்போன மாடு, கலியாணம், ஏச்சு. ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து இரண்டு மணித்தியாலம் பொறுமையாகக் கேட்டார்.

மேலிடத்தில் கேட்டு வரும்வரை வவுனியா அழைப்பை நிறுத்தச் சொன்னார். நாளைக்கு வரும் ஓர் அழைப்பில் மட்டும் அதைத் தெரிவிக்கலாம் என்றார். நான் சிவநேசனுக்கு இப்படி எழுதினேன்: “நான் சொல்லும்வரை அழைக்கவேண்டாம். தொலைபேசியிலும் பேசவேண்டாம்.” மறுநாள் காலை அவருடைய கணினி வழமைபோல் அழைத்து அதை எடுத்துச்சென்றது. அதிகாரி விடைபெறும்போது திரையை இன்னொருமுறை பார்த்துச் சிங்களத்தில் சொன்னது இது: “கடிதம் எழுதுவது குற்றமில்லை, டீச்சர். ஆனால் இது கடிதம் மாதிரித் தெரியவில்லையே.”

ஒன்பது நாள்

நான்கு நாட்களில் அந்த அதிகாரி திரும்பி வந்து, தடையில்லை என்றார். நான் அன்று மாலையே சிவநேசனுக்கு எழுதினேன்: “இனி அழைக்கலாம்.” எழுதி, அனுப்பும் வரிசையில் இட்டு, கணினி அதை ஏற்றுக்கொண்டதையும் சரிபார்த்தேன். சரிபார்ப்பது என் வழக்கம்.

மறுநாள் காலை அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வவுனியாவுக்குக் கம்பி அறுவது புதிதன்று. குண்டு வெடித்தால் அறும், மழை பெய்தாலும் அறும். நான் காத்திருந்தேன். பாடசாலையில் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த பழனியம்மாவிடம் கம்பி சரியில்லை என்றேன். அவர் மூன்று பஸ் மாறி வந்தவர். ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு மூன்று பஸ் மாறித் திரும்பிப் போனார்.

ஒன்பதாம் நாள் பாரூக் நானா ஒரு புதிய மோடத்தைப் பொருத்திப் பார்க்க வந்தார். என் திரையில் அனுப்பும் வரிசை திறந்திருந்தது. அவர் அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். அது நான் சிவநேசனுக்கு எழுதிய கடிதம். வவுனியாவின் வரி ‘வைத்திரு’ என்று முடிவதால் என் கணினி அதை ஒழுங்காக வைத்திருந்தது. அழைக்கலாம் என்று சொல்லும் கடிதத்தை, சிவநேசன் அழைத்து எடுத்துச்செல்வதற்காக நான் வைத்திருந்தேன். அவரோ, நான் சொல்லும்வரை அழைக்காமல் இருந்தார். பாரூக் நானா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “டீச்சர், இந்தக் கடிதம் யார் வந்து எடுக்கிறத்துக்கு ஈக்கிது?”

பகலில் எடுத்த அழைப்பு

மோடத்தின் கம்பியைக் கழற்றிவிட்டு, சாதாரணத் தொலைபேசியில் சிவநேசனின் அலுவலகத்தை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். கம்பி ஒருநாளும் அறுந்திருக்கவில்லை. என் குரல் கேட்டதும் சிவநேசனுக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கைதுசெய்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். ஆகவே பேசத் துணியவில்லை. அவருடைய வரிசையிலும் ஒரு கடிதம் ஏழு நாளாகக் கிடந்தது. அதை எனக்கு வாசித்தார்.

ராசாத்தி வவுனியாவுக்கு வந்திருந்தாள். வயிற்றில் ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும் என்று கணவனிடம் சொல்லி, போர்முனையினூடே போகும் பாதையைத் தனியாகக் கடந்து வந்து, வடக்கிலிருந்து வருபவர்களைத் தடுத்துவைக்கும் முகாமில் இருந்தாள். சொந்தக்காரர் ஒருவர் அடையாள அட்டையோடும் கிராம சேவகரின் கடிதத்தோடும் வந்து பொறுப்பேற்றால் வெளியே விடுவார்கள். “அம்மா, ஒடனே வா” என்று எழுதியிருந்தாள். தபாலில் போடட்டுமா என்று அவள் கேட்டபோது, தபால் தோட்டத்துக்குப் போய்ச்சேரக் கிழமைக் கணக்காகும், இது ஒரே நாளில் போகும் என்று, அழைக்கலாம் என்ற என் சொல் அடுத்த நாளே வந்துவிடும் என்ற நம்பிக்கையில், சிவநேசன் சொல்லியிருக்கிறார். அதை அவர் என்னிடம் இரண்டுமுறை சொன்னார். “ஒரு நாளிலை போகுமெண்டு நான்தான் அக்கா அவவுக்குச் சொன்னனான்.”

பதிவேடு

நான் அன்றே கலஹாவுக்குப் போனேன். கிராம சேவகரின் கடிதம் மறுநாள் காலை கிடைத்தது. பழனியம்மா ஒரு பையில் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து எடுத்துக்கொண்டார்; பிள்ளைக்கு. பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டே வந்தார்: தோட்டத்து மருத்துவிச்சியிடம் சொல்லிவிட்டதாக, லயத்தில் அடுத்த காம்பராக்காரி பத்தியச் சாமான் தருவதாக. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைப் பிரித்துக் காட்டி, மறுபடி அதே மடிப்பில் மடித்தார். எங்கள் பிழையை வழியில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளைக் கண்டபின் சொல்லலாம் என்று எண்ணினேன்.

முகாமின் வாசலில் மேசை போட்டிருந்த எழுதுவினைஞர் பதிவேட்டைப் புரட்டினார். ராசாத்தியின் பெயருக்கு நேரே ஒரு கோடு இருந்தது. திரும்பிப்போக விரும்பியவர்களை இரண்டு நாளைக்கு முன்னர் வடக்கே அனுமதித்திருக்கிறார்கள், அவளும் போய்விட்டாள். பாதை மறுபடி எப்போது திறக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பழனியம்மா அடையாள அட்டையை அவருக்கு முன்னால் நீட்டியபடியே நின்றார். எழுதுவினைஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லத் திருப்பிக் கொடுத்தார். “அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் காலமை வந்து கேக்கும், என்ரை அம்மா வந்திட்டாவோ எண்டு. கடைசி நாள் கேக்கேல்லை.”

திரும்பும் வழி

மதவாச்சிக்கு அப்பால் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னேன். ‘அழை’, ‘வைத்திரு’, நான் எழுதிய கடிதம், அது கிடந்த வரிசை, ஒன்பது நாள். வகுப்பில் ஒரு நிறுவலை விளக்குவதுபோல, எந்தப் படியையும் விடாமல் சொன்னேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அப்படிக் கேட்பது அவர்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும் என்று தோன்றியது. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி கேட்டார். அந்தப் பாதை அதன்பின் பல மாதங்கள் திறக்கவில்லை. சிவநேசனின் அலுவலகமும் மூடப்பட்டது. ராசாத்திக்குப் பிள்ளை பிறந்ததா, எங்கே பிறந்தது, இருவரும் இருக்கிறார்களா என்பது இதை எழுதும் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தம்புள்ளை தாண்டியதும் பழனியம்மா சொன்னார். குரலில் கோபம் இல்லை. “எங்களுக்கு ஒண்ணு ஆகணும்னா நாங்க ஆபீசு வாசல்ல போயி நிப்போம் டீச்சரம்மா. கணக்கப்புள்ள வெரட்டுவாரு, தொர வெரட்டுவாரு, இருந்தாலும் போயி நிப்போம். யாராச்சும் கூப்புடுவாங்கன்னு லயத்துல குந்தியிருந்தா ஒண்ணும் நடக்காதுங்க. படிச்சவங்களுக்கு அது தெரியாது போல.”

பிழையில்லாமல் இயங்கும் இரண்டு இயந்திரங்களும் ஒருவர்மேல் ஒருவர் அக்கறை கொண்ட இரண்டு மனிதர்களும் இருந்தால் போதும், ஒரு கடிதம் போகாமற் கிடப்பதற்கு வேறெந்தத் தடையும் தேவையில்லை.