சுத்த சைவப் பட்டியலும் என் நாக்கும்

இரண்டு மாதம் முன்பு கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் வந்திருந்தார். மோட்டார் பம்ப் கம்பெனி வேலையாக யாங்கோனுக்கு வந்தவர். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவராம். விலாசம் விசாரித்துக்கொண்டு, பசுந்தாங்கில் எங்கள் நான்காவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். சுத்த சைவம். நான்கு நாளாக பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் ஆகாரம் என்று முகமே சொன்னது.

ஹோட்டலில் மாமிசம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சரி என்று கோழி சூப் வந்ததாம். கோழியும் ஆகாது என்றதும் உள்ளே எடுத்துப் போய், துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அதே சூப்பைச் சிரித்த முகத்தோடு திரும்பக் கொண்டுவந்தார்களாம். கடைசியில் கீரை வறுவல் கேட்டார். அருமையாக இருந்தது. பாதி தட்டு காலியான பிறகுதான் கீரைக்குள் ஏதோ சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். காய்ந்த இறால். அத்தனை சின்னதையுமா மாமிசக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று பரிமாறியவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"சார், நீங்க அறுபது வருஷமா இங்கே இருக்கீங்க. மனசு சரியில்லாத அன்னிக்கு நீங்க எங்கே போய்ச் சாப்பிடுவீங்க? அந்த இடத்தைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

நல்ல கேள்வி. நான் ஒரு தோசைக் கடையின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். மனிதர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சொன்னது பொய்.

மனசு சரியில்லாத நாளில் நான் போவது க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுக்கு. மனசு சரியாக இருக்கும் நாளிலும் போவதுண்டு. ஊ டின் என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். அவர் மனைவி டோ சேன். ஊ, டோ இரண்டும் இங்கே திரு, திருமதி மாதிரி. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு தட்டு உண்டு. சோறு, அவித்த வெண்டைக்காய், கத்தரிப்பிஞ்சு, மாங்காய்த் துண்டு... நடுவில் ஒரு கிண்ணம் ஙாப்பி.

ஙாப்பி தெரியாதவர்களுக்கு: மீனையும் இறாலையும் உப்பில் போட்டு, நாறும் வரை விட்டு, அரைத்த விழுது. தண்ணீரில் கரைத்து, மிளகாயும் பூண்டும் இடித்துப் போட்டால் காய்கறி தொட்டுக்கொள்ள அதற்கு ஈடு இல்லை. விடுதியில் முதல் வருஷம் ஊ டின் பந்தயம் கட்டி என் வாயில் வைத்தார். பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று வருஷமாக நான் நிறுத்தவில்லை.

ஒரு கிழவன் ஙாப்பி தின்றால் யாருக்கு என்ன? ஒன்றுமில்லைதான். விஷயம் அது இல்லை. எங்கள் கோயிலில் 'சுத்த சைவக் கடைகள்' என்று வருஷா வருஷம் பட்டியல் எழுதிப் போடுகிறவன் நான். அதுதான் விஷயம்.

இந்த ஊர்த் தமிழர்கள் தீமிதிக்குக் காப்புக் கட்டினால் மூன்று வாரம் கவிச்சி தொடமாட்டார்கள். மற்ற நாளில் தொடாதது எதுவும் இல்லை என்பது வேறு. காப்புக் கட்டியவர்கள் மரக்கடையிலும் அச்சகத்திலும் மார்க்கெட்டிலும் வேலை பார்க்கிறவர்கள். மத்தியானம் வீட்டுக்குப் போய் வர முடியாது. எந்தக் கடையில் நம்பிக் கை நனைக்கலாம்? அதற்காகத்தான் கோயில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கடைகளுக்குப் போய், உட்கார்ந்து, ருசி பார்த்து, பெயர் எழுதுகிற வேலை எனக்கு. படித்தவன், பரம்பரைச் சைவன், கையெழுத்தும் நன்றாக இருக்கும். வேறு என்ன தகுதி வேண்டும்?

பலகையில் பெயர் இருந்தால் திருவிழாவுக்குப் பிறகும் அந்தக் கூட்டம் கடையை விட்டுப் போகாது. பெயர் இல்லாவிட்டால்... சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

செல்லம்மா என்று ஒருத்தி. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னிடம் அ, ஆ படித்தவள். பசுந்தாங்கில் ஒரு தெரு முனையில், நாலு முக்காலி போட்டு, காலையிலிருந்து மத்தியானம் வரை கடை வைத்திருந்தாள். மீன் இல்லாத மொகிங்கா. பர்மாக்காரர்களுக்கு மொகிங்கா என்றால் மீன் குழம்பில் போட்ட அரிசிச் சேமியா. மீனை எடுத்துவிட்டால் அதில் என்ன மிஞ்சும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவள் வாழைத்தண்டையும் எலுமிச்சைப் புல்லையும் வைத்துக்கொண்டு, வறுத்த அரிசி மாவு கரைத்து ஊற்றி, மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்கள் அந்தக் குழம்புக்காக எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷம் பட்டியலில் முதல் பெயர் அவள் பெயர்தான்.

மூன்றாம் வருஷம் அவள் ஷான் மலைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கோயிலில் முணுமுணுப்பு. ஷான்காரன் உள்ளே வந்தால் ஷான்காரன் சாப்பாடும் உள்ளே வரும் என்றார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் ருசி பார்க்கப் போனேன். இதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

முதல் வாய் குழம்பு உள்ளே போனது. உடம்பெல்லாம் ஒரு சுகம். க்யிம்யிண்டைங்கில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. உடனே திடுக்கிட்டேன். இந்த ருசி எனக்குத் தெரியுமே! பாம்பின் கால் பாம்பறியும் இல்லையா? கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். இதில் ஙாப்பி இருக்கிறது என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

செல்லம்மா பதறவில்லை. இது பெபோ, சயா என்றாள். இங்கே வாத்தியாருக்குச் சயா என்று பெயர். சோயா மொச்சையை அவித்து, புளிக்கவிட்டு, அப்பளம்போலத் தட்டிக் காயவைத்த வில்லை, புருஷன் ஊரிலிருந்து வருகிறது, சுட்டுப் பொடித்துப் போடுகிறேன், உள்ளே இருக்கிறது, கொண்டுவந்து காட்டுகிறேன் என்றாள். பார்க்க வேண்டியதில்லை என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சயாவுக்கு ஙாப்பி ருசி எப்படித் தெரியும்?"

இந்த ஊரில் பிறந்தவன், தெருவில் நடந்தாலே மூக்குக்குத் தெரியாதா என்றேன். மூக்குக்குத் தெரியும், ஆனால் சயா வாயில் வைத்துத்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள். சுற்றி இருந்த நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்தேன். நேரே கோயிலுக்குப் போனேன். சிவப்பு மையால் அவள் பெயரை அடித்தேன்.

அடித்த வேகத்தைப் பார்த்து, சயாவுக்கு எவ்வளவு ஆசாரம் என்று பேசிக்கொண்டார்களாம்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கடை மூடியது. புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போய்விட்டார்கள். பத்து வருஷம். நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் க்யிம்யிண்டைங்குக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது கோயம்புத்தூர்க்காரர் வந்துபோன வாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊ டின் வீடு. கிண்ணம் வந்தது. வெண்டைக்காயைத் தோய்த்துச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு ஙாப்பி பிரமாதம், எந்தக் கடையில் வாங்கியது என்று டோ சேனிடம் கேட்டேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிக்குகள் மடத்தை விட்டு நகராத மழைக்கால மாதங்கள் இவை. அந்த மூன்று மாதமும் உயிர்க்கொலைச் சாப்பாடு இல்லை என்று விரதம் எடுத்திருக்கிறாராம். இது ஙாப்பி இல்லை சயா, பெபோ என்றார். ஷான் கடையில் வாங்கியதாம்.

கையில் வெண்டைக்காய். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நாற்பத்து மூன்று வருஷம் ஙாப்பி தின்ற நாக்குக்கே வித்தியாசம் தெரியவில்லை! இந்த நாக்கை நம்பியா ஒரு குடும்பத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன்? பாம்பின் காலைப் பார்த்தேன் என்று பெருமைப்பட்டேனே, அங்கே கிடந்தது கயிறு. பாம்பு நான்தான்.

மறுநாள் டாலாவுக்குப் படகு ஏறினேன். கரையில் விசாரித்தேன். பெபோ மொகிங்காவா என்று கேட்டு, சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் நேராகக் கொண்டுபோய் விட்டார். மூங்கில் தட்டிக் கடை. பின்னால் ஒல்லியாக ஒருவர் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தார். புருஷன். செல்லம்மாவுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"சயா சாப்புடுறீங்களா? இதுல பெபோதான் இருக்கு. ஙாப்பி வேணும்னா எதிர்க்கடையில நல்லா இருக்கும்."

சாப்பிட்டேன். என்ன செய்வது? கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விடுதி, ஊ டின், ஞாயிற்றுக்கிழமைகள். அவள் வடை நொறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். மதராஸில் வரும் என் பத்தியில் இதை எழுதி மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பிராயச்சித்தம் தோன்றுமா?

செல்லம்மாவுக்கு அது போதவில்லை. பசுந்தாங் மார்க்கெட் ஓரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். திரும்பிவரப் பார்க்கிறார்களாம். இடத்துக்காரர் எங்கள் கோயில் தர்மகர்த்தா ஊ வேலு. கோயில் பலகையில் பெயர் அடிபட்ட கடைக்கு இடம் தரமுடியாது, அது திரும்ப ஏறினால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வருகிற அமாவாசைக்குள் முடியாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு.

"மதராஸ் பத்திரிகையை இங்க யாரு படிப்பா, சயா? என் புருஷனுக்குத் தமிழ் தெரியாது. கோயில்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்தது நீங்க, என் பேரை அடிச்சதும் நீங்க. அதே பலகைக்கு முன்னாடி நின்னு, பர்மாப் பேச்சுல சொல்லுங்க, எல்லாருக்கும் புரியும். ஙாப்பி ருசி எப்படித் தெரியும்னு அன்னிக்குக் கேட்டேனே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

முதல் பாதியை மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் புருஷன் கையில் இருந்த உலக்கை என் பக்கம் வந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து, கையில் சுண்டலோடு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பலகைக்கு முன்னால் போய் நின்றேன். பர்மிய மொழியில் பொய் சொல்வது எனக்குச் சுலபம், அறுபது வருஷப் பழக்கம். உண்மையைச் சொல்ல வாக்கியங்கள் ஒட்டவில்லை. செல்லம்மா குற்றமற்றவள் என்றேன். அவள் குழம்பில் இருந்தது மொச்சை என்றேன். அது ஙாப்பி மாதிரி இருந்தது என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நான் வாரா வாரம் ஙாப்பி தின்கிறவன் என்றேன்.

சுண்டல் மெல்லும் சத்தம் நின்றுபோயிற்று.

"எத்தனை வருஷமா, சயா?" என்றார் ஊ வேலு.

"நாற்பத்து மூணு."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதில் பத்தொன்பது வருஷம் நான் பட்டியல் எழுதிய வருஷங்கள். முகம் கறுத்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் பலகையைக் கையால் துடைத்தேன், பழைய பெயர்கள் எல்லாம் போயின. செல்லம்மா கடை, பசுந்தாங் மார்க்கெட் ஓரம் என்று தமிழில் ஒரு தரம், பர்மிய எழுத்தில் ஒரு தரம் எழுதினேன். அடுத்த கடையின் பெயரை எழுதக் கை உயர்ந்தபோது பேனாவை வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கமிட்டிக்காரர் ஒருவர் பின்னாலேயே வந்து, அந்த வீடு க்யிம்யிண்டைங்கில் எந்தத் தெரு என்று மெதுவாகக் கேட்டார். இன்னொருவர், மீன் ஙாப்பியா இறால் ஙாப்பியா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஒருத்தன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். கண் கலங்கியிருந்தது.

பலகையில் பெயர் ஏறிவிட்டது. சொன்ன சொல் தவற முடியாமல் ஊ வேலு இடம் கொடுத்துவிட்டார். கடை நடக்கிறது. காப்புக் கட்டியவர்கள் மத்தியானத்தில் வரிசையில் நிற்கிறார்கள், போவதற்கு வேறு பெயர் பலகையில் இல்லை. நானும் வரிசையில் நிற்கிறேன். செல்லம்மா என்னோடு அதிகம் பேசுவதில்லை. வடை மட்டும் எல்லோருக்கும் போடும் அளவு போடுகிறாள். குறைக்கவில்லை. அதற்குமேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

மற்றக் கடைகளின் பெயர்களை எழுத வேண்டாமா? அதற்காகக் கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. இனிமேல் பட்டியல் எழுதுகிறவர் ஙாப்பியின் ருசியே அறியாதவராக இருக்கவேண்டும், அதை அம்மன் சந்நிதியில் சத்தியம் செய்து சொல்லவேண்டும்.

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.