என்டர் தட்டாத டைப்பிங் அக்கா

இன்று ஒரு அக்காவைச் சந்தித்தேன். தன் கணவர் பேசுகிற வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கணவர் பேச்சைக் காதிலேயே வாங்காத மனைவிகளையும், மனைவி பேச்சுக்குத் தலையாட்டிவிட்டு போனைப் பார்க்கிற கணவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறவரைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை நிற்க மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை மதியங்களில் நூலகத்து மாடி அறையில் நாங்கள் சில பேர் லினக்ஸ் உதவி மேசை போட்டு உட்காருவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "பிரிண்டர் வேலை செய்யல" கேஸ்தான். இன்று இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி லேப்டாப்பை மார்போடு அணைத்திருந்தார். அவர்தான் அக்கா. பின்னால் வந்தவர் அவருடைய நாத்தனார்.

"தமிழ் எழுத்து இந்த கமாண்டுக்குப் புரியுதா இல்லையா, அத மட்டும் பார்த்துச் சொல்லுங்க தம்பி. சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர பார்க்கணும்" என்றார் அக்கா.

"புரியாம என்ன? அதுக்கு எல்லா எழுத்தும் ஒண்ணுதான்னு வழியெல்லாம் சொல்லிட்டு வரேன். அண்ணிக்கு நான் சொன்னா ஏறாது. மூணாவது மனுஷன் சொல்லணும்" என்றார் நாத்தனார்.

கதை இதுதான். அக்காவுக்கு வீட்டிலிருந்தபடியே டைப் அடிக்கிற வேலை. கம்பெனிக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டு, அவர்கள் இருமினதைத் தவிர மற்றதையெல்லாம் பேசினது பேசினபடி தட்டிக் கொடுக்க வேண்டும். அவர்கள் குடியிருப்பில் யாருக்கும் அவருடைய சொந்தப் பேர் தெரியாது, டைப்பிங் அக்கா என்றால்தான் தெரியும். கணவர் லிப்ட் மெக்கானிக். போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. மனதில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் நழுவிவிடுகிறது. எதைக் கேட்டாலும் "அதான்" என்பார். பசிக்கிறதா, அதான். யார் வந்தது, அதான்.

பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு டாக்டரம்மா வாரா வாரம் அவருக்குப் பயிற்சி கொடுக்கிறார். தண்ணி, சாவி, கண்ணாடி, சட்டை என்று அன்றாடம் புழங்கும் பத்து வார்த்தைகளைக் கொடுத்து, "வீட்டுல இதையெல்லாம் அவரா எத்தனை தடவை சொல்றார்னு கவனிச்சுச் சொல்லுங்க" என்றிருக்கிறார். மற்றவர்கள் என்றால் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவார்கள். அக்காவால் அது முடியாது. காலையில் சாப்பிடுகிற மேசையில் போனை வைத்துப் பதிவு செய்து, கணவர் வாயிலிருந்து வந்ததை மட்டும் ஒரு கோப்பில் தட்டி வைத்தார். நாளுக்கு ஒரு கோப்பு, வாரத்துக்கு ஒரு போல்டர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்துக் கண் வலித்ததும், ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் வேலை பார்க்கும் நாத்தனாருக்குப் போன் போட்டார். அவர் போனிலேயே, கோப்புக்குள் வார்த்தையைத் தேடுகிற ஒரு கமாண்டைச் சொல்லிக் கொடுத்தார். கிரெப், அதற்குப் பின்னால் மைனஸ் சி, வார்த்தை, கோப்பின் பேர். அந்த நாளின் எண் வந்துவிடும், ஏழு நாளையும் கூட்டினால் வாரக் கணக்கு.

எண் வந்தது. பிரச்சினையே அந்த எண்தான். "தண்ணி" முதல் வாரமும் ஏழு, போன வாரமும் ஏழு. "சாவி" நாலு, மூன்று, நாலு. வரைந்து பார்த்தால் தரையில் படுத்த கோடு. இன்று நாலு மணிக்கு மறுபரிசீலனை. முன்னேற்றம் இல்லையென்றால் இவருடைய இடம் காத்திருக்கிற இன்னொருவருக்குப் போய்விடும். டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது, காத்திருக்கிறவரும் வாய் திறக்கத் தவிக்கிற ஆள்தானே.

"அவர் இப்ப நிறைய பேசறார் தம்பி. என் காது சொல்லுது."

"அண்ணி, காது பாசத்துல கேக்கும். கம்ப்யூட்டருக்குப் பாசம் கிடையாது. அவர் என் கூடப் பிறந்தவர், எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" சண்டைக் குரல்தான், ஆனால் நாத்தனாரின் கண் திரையைவிட்டு நகரவில்லை.

நான் சோதித்துப் பார்த்தேன். தமிழ் எழுத்து நன்றாகவே புரிந்தது. அதைச் சொன்னதும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருந்த ஒரே பிடியும் போயிற்றல்லவா. வந்ததுதான் வந்தார்கள் என்று, கோப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்க டபிள்யூ.சி கமாண்டைத் தட்டினேன். கோப்பில் எத்தனை வரி, எத்தனை வார்த்தை என்று அது சொல்லும்.

நாத்தனார் குனிந்தார். "வரி பூஜ்யம்னு காட்டுது. என்ன அண்ணி, பைல் காலியா?"

"காலியா? காலையில இடுப்பொடிய உக்காந்து அடிச்சது."

திறந்து பார்த்தோம். திரை முழுக்க எழுத்து.

"இதோ இத்தனை வரி இருக்கே" என்றார் அக்கா.

"அது இடம் பத்தாம மடிஞ்சு தெரியுது. நீங்க என்டர் எங்க தட்டினீங்க?"

"எதுக்குத் தட்டணும்? ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் என்டர் தட்டக் கூடாது. நடுவுல தட்டினா கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிடுவான்."

"அப்ப என் அண்ணன் இன்னும் பேசி முடிக்கலியா?"

"அவர் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கார்."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிரெப் மைனஸ் சி வார்த்தைகளை எண்ணுவதே இல்லை. அந்த வார்த்தை இருக்கிற வரிகளைத்தான் எண்ணும். ஒரு வரியில் "தண்ணி" ஒரு தடவை இருந்தாலும் ஒன்றுதான், இருபது தடவை இருந்தாலும் ஒன்றுதான். நாத்தனாரின் சர்வர் அறையில் ஒவ்வொரு நிகழ்வும் தனி வரியாக விழும், அங்கே வரியை எண்ணினால் போதும். அக்காவின் கோப்பிலோ ஒரு நாள் முழுக்க ஒரே வரி. மனிதர் என்னதான் தொண்டை கிழியப் பேசினாலும் நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஏழு, அதற்கு மேல் ஏறவே வழியில்லை.

"நான் கொடுத்த கமாண்டும் சரி, நீங்க அடிச்ச பைலும் சரி. ரெண்டையும் சேர்த்ததுதான் தப்பு" என்றார் நாத்தனார்.

"நம்ம ரெண்டு பேர் மாதிரின்னு சொல்லு. தனித்தனியா நல்லவங்க."

மேசையைச் சுற்றி எங்கள் ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நாத்தனாரே விசைப்பலகையை இழுத்துக்கொண்டு தட்டினார்:

grep -o 'தண்ணி' *.txt | wc -l

மைனஸ் ஓ போட்டால் கிரெப் ஒவ்வொரு "தண்ணி"யையும் பிய்த்து எடுத்துத் தனித்தனி வரியாகக் கொட்டும். நடுவில் நிற்கிற அந்தக் கோடு அதையெல்லாம் பக்கத்து கமாண்டிடம் தள்ளிவிடும், அது வரிகளை எண்ணும். இப்போது ஒரு வரி என்றால் ஒரு வார்த்தை. முதல் வாரத்துப் போல்டரில் ஒன்பது வந்தது. போன வாரத்துப் போல்டரில் நாற்பத்தொன்று.

யாரோ கை தட்டினார்கள். நூலகர் கதவருகே வந்து முறைத்துவிட்டுப் போனார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"இருங்க. நான் சொல்லி அவர் திரும்பச் சொன்னதையும் இது எண்ணியிருக்கும். அப்படிச் சொன்னத நான் அடைப்புக்குறிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். கிளிப்பிள்ளை மாதிரி சொல்றது கணக்குல சேராதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

அடைப்புக்குறிக்குள் இருப்பதையெல்லாம் நீக்கிய பிரதிகளை வேறு போல்டரில் போட்டு, அவற்றை மறுபடி எண்ணினோம். எல்லாரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். போன வாரம் நாற்பத்தொன்று இருபத்தாறாக இறங்கியது. அக்கா உதட்டைக் கடித்தார். முதல் வாரத்து ஒன்பது இரண்டாக இறங்கியது.

"ரெண்டுல இருந்து இருபத்தாறா?" நாத்தனார் திரையைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணி, உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு."

"அத ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வீட்டுல மாட்டணும்."

அதோடு கிளம்பியிருப்பார்கள். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. பத்து வார்த்தை என்ன, அவர் பேசின எல்லா வார்த்தையையும் பார்ப்போமே என்றேன். இடைவெளி வருகிற இடமெல்லாம் வரியை உடைத்து, அகர வரிசையில் அடுக்கி, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து எண்ணி, அதிகம் வந்தது மேலே வரும்படி திருப்பிப் போட்டோம். கமாண்டு அடுத்தடுத்து இருப்பதைத்தான் சேர்த்து எண்ணும், அடுக்காமல் எண்ணினால் கணக்கு கெட்டுவிடும், அந்தத் தவற்றையும் ஒரு தடவை செய்துவிட்டுத்தான் சரி செய்தோம். முதலிடம் "அதான்", அது தெரிந்ததுதான். இரண்டாவது இடத்தில் "தண்ணி" இல்லை. "கதவு" இருந்தது.

"கதவா? அது டாக்டரம்மா கொடுத்த பத்துல இல்லையே" என்றார் நாத்தனார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அடக் கடவுளே. கதவுன்னு சொல்றப்பெல்லாம் நான் போய்ச் சாத்திட்டு வருவேன். சாத்தியிருந்தா திறந்து விடுவேன். அவர் தலையில அடிச்சுப்பார்."

"அண்ணன் என்ன கதவச் சொல்றார்?"

"உங்க அண்ணன் வாழ்நாள் பூரா என்ன கதவப் பிடிச்சிட்டு நின்னார்? லிப்ட் கதவு."

நாத்தனார் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்கு நானும் அவர்களோடு போனேன். சார்ஜர் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று நானே ஒட்டிக்கொண்டேன். மையத்தில் சின்ன அறை, சுவரெல்லாம் பழம், வீட்டுச் சாமான் படங்கள். அண்ணன் மெல்ல வந்து உட்கார்ந்தார், ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இன்னமும் ஒரு டெஸ்டர் குத்தியிருந்தது. டாக்டரம்மா பழைய கணக்கையும் புதிய கணக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எப்படி மாறியது என்று கேட்டார். என்டர் விஷயத்தை நாத்தனார் சொன்னதும் சிரித்துவிட்டார். பிறகு பட்டியலில் இரண்டாவது வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"கதவுன்னு நிறைய சொல்றீங்களாமே. எந்தக் கதவு?"

அண்ணன் இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து, மெதுவாக ஒன்றோடொன்று சேர்த்தார்.

"ரெண்டு கதவு" என்றார். நெற்றி வேர்த்தது. "சேரும். நடுவுல... கை வெச்சா... நிக்கணும்."

அக்கா கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இத இத்தனை நாளா சொல்லிட்டா இருந்தீங்க? நான் வாசக்கதவத் திறந்து திறந்து மூடிட்டிருந்தேன்." அண்ணன் தோள் குலுங்கச் சிரித்தார்.

டாக்டரம்மா அவர் பேசினதை அப்படியே எழுதிக்கொண்டார். "இவருக்கு இடம் உண்டு. என் பத்து வார்த்தைய ஓரமா வெச்சிடலாம். அடுத்த வாரம் லிப்ட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிலிருந்த ஆப்பிள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"காத்திருக்கிறவருக்கு என்ன செய்வீங்க?" அக்காதான் கேட்டார். டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். ஞாயிறு காலையில் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசவிடலாம் என்று அவருக்கு ரொம்ப நாளாக எண்ணமாம். அறை இருக்கிறது, எதிரே உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. அக்கா அங்கேயே தன் பேரைக் கொடுத்தார். நாத்தனாரும் கொடுத்தார், "நான் வாய மூடிட்டு உக்காரணுமா, கஷ்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே. நானும் கொடுத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு தொடங்குகிறது. நீங்களும் வாங்க. வைத்தியம் தெரிய வேண்டாம், கம்ப்யூட்டரும் தெரிய வேண்டாம். ஒருவர் ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் உட்காரத் தெரிந்தால் போதும். வர முடியாதவர்கள் இதை உங்கள் குழுக்களில் போடுங்கள், முக்கியமாக வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறவர்களுக்கு அனுப்புங்கள். முகவரியும் நேரமும் கேட்டால் உடனே தருகிறேன்.