கூடத்துத் தூணும் கட்டேல போறவனும்

நாய்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனால் மயிலாப்பூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் வளர்ந்த அந்த ஒன்றை மட்டும் நாய்க் கணக்கில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சமயம் அது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் அண்டா குண்டானையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நாய்க்குட்டியை மட்டும் வாசற்படியில் விட்டுவிட்டுக் கும்பகோணத்துக்குப் போய்விட்டார்கள். என் மாமனார் அசையவில்லை. குண்டு விழுந்தால் விழட்டும், அதற்காக யாராத்திலேயோ போய் உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆக, தெருவில் மிச்சம் இருந்தது நாங்களும் அந்தக் குட்டியும்தான்.

நாங்கள் என்றால் நாலு பேர். மாமனார், என் கணவர், நான், என் நாத்தனார். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நாத்தனார் என் கணவருக்கு மூத்தவள். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான சில மாதங்களிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மடி, சமையல், பூஜைப் பாத்திரம், இவ்வளவுதான் அவள் உலகம். பேச்சே கிடையாது. புதுசாக வந்தபோது, இவளுக்கு வாய் பேச வராதோ என்றுகூட நான் பயந்திருக்கிறேன்.

அந்தக் குட்டிக்கு முதலில் சாதம் வைத்தது அவள்தான். வைத்துவிட்டு, சுற்றி யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, "கட்டேல போறவனே, மெள்ளத் தின்னு, விக்கிக்கப் போறது" என்றாள். சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்ட எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. அன்றிலிருந்து அதுதான் அவன் பெயர். கட்டேல போறவனே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வைதால், அவன் எங்கிருந்தாலும் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்து நிற்பான். அவ்வளவு ஆசையாக அவனை வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

மடியாக இருப்பவள் நாயைத் தொடலாமா? தொடக் கூடாது. ஆனால் குளிப்பதற்கு முன்னால் தொட்டால் தோஷமில்லை, எப்படியும் குளிக்கத்தானே போகிறோம். தினமும் விடிந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து அவன் காதைத் தடவிக் கொடுப்பாள். நாளாக ஆக அவள் குளிக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. காபி தாமதமாகிறதே என்று எனக்கு எரிச்சலாக வரும். சொல்லத்தான் வாய் வராது.

ஒரு வருஷம் நாய் பதவிசாக இருந்தது. அப்புறம் அதற்கு வயசு வந்துவிட்டது. ஒருநாள் கூடத்துக்குள் வந்தவன், தூணை முகர்ந்தான், காலைத் தூக்கினான், போய்விட்டான். மறுநாள் மாமனாரின் சாய்வு நாற்காலி. அதற்கடுத்து ஊஞ்சல் சங்கிலிக்குக் கீழே. அவசரத்தில் போகிற மாதிரியும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கோவில் பிரசாதம் விநியோகிக்கிற மாதிரி எல்லா இடத்திலும் வைப்பான்.

சிவப்பு சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவுவது என் பொறுப்பு. எனக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நசுங்காத குவளையே இல்லை. என் கணவர் அவன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பேப்பரைச் சுருட்டித் தரையில் தட்டிப் பார்த்தார். அவன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டு பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனான். காலையில் குளத்தைச் சுற்றி அழைத்துப் போனால் எல்லாம் வெளியிலேயே தீர்ந்துவிடும் என்று அதையும் செய்தார். அவன் லஸ் முனை வரைக்கும் இருக்கிற விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் கொடுத்தது போகத் தூணுக்கும் மிச்சம் வைத்திருந்தான்.

நான் கழுவி முடித்ததும் அக்கா வருவாள். கையில் பித்தளைச் சொம்பு, அதில் கோமியம். எங்கள் பால்காரர் பசுவை வாசலுக்கே ஓட்டி வந்து கறப்பார்; அது மூத்திரம் பெய்யும்போது அக்காவின் சொம்பிலும் பிடித்துக் கொடுப்பார். அதை மாவிலையால் தொட்டுத் தூணிலும் தரையிலும் தெளித்து, மந்திரம் முணுமுணுத்துச் சுத்தி செய்வாள். நாய் காலைத் தூக்கினால் இவள் சொம்பைத் தூக்குவாள். மாமனார் வெளியிலிருந்து திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவாள். அசுத்தம் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் நாயின் கதை முடிந்தது. அவள் தெளித்தது அத்தனையும் அவனுக்காகத்தான்.

நடுவில் பால்காரர் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். வேறொருவர் எருமைப் பால் கொண்டுவந்தார். எருமையிடம் கோமியம் பிடிக்க முடியுமா? சொம்பு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அக்கா தவித்துப்போய், பாத்திரம் தேய்க்கிற புளிச்சக்கையையும் வெந்நீரையும் போட்டு என்னைத் தேய்க்கச் சொன்னாள். அந்த நாட்களில் நாய் படிப்படியாக அடங்கி, கடைசியில் ஒரு சொட்டு வைக்கவில்லை. அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பால்காரர் பசுவோடு திரும்பினார். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து வீடு முழுக்க, மூலை முடுக்கு விடாமல் தெளித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவனும் வீடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டான். தூண், நாற்காலி, ஊஞ்சல், கடைசியாக அரிசி மூட்டை. ரேஷன் வந்த புதிது அது. ஒரு பிடி அரிசி சிந்தினால் பொறுக்கி எடுத்த காலம்.

அதை மாமனார் பார்த்துவிட்டார். அவர் என்னிடம் நேராகப் பேச மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதைக் கூடத்துத் தூணைப் பார்த்துச் சொல்வார். அன்றைக்கும் தூணைப் பார்த்துத்தான் சொன்னார். மாமியாரின் திவசம் அடுத்த மாதம் வருகிறது. அதற்குள் இது நிற்காவிட்டால் பிள்ளை இந்த ஜந்துவை அடையாற்றுப் பாலத்துக்கு அந்தண்டை தோப்பில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியது. அன்று அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் தெளித்துவிட்டுப் போனபிறகு நான் கதவோரம் நின்று அவனைக் கவனித்தேன். உள்ளே வந்தான். நேராக அவள் தெளித்த இடத்துக்குப் போனான். மூக்கை வைத்து ஆழமாக முகர்ந்தான். முதுகு மயிர் சிலிர்த்தது. பிறகுதான் காலைத் தூக்கினான். எனக்குச் சுரீரென்று உறைத்தது. அட ராமா! மாடு ஒன்று வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொரு மூலையிலும் தன் இடம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைக்கிறான் இந்தப் பைத்தியம். அவன் வீட்டைக் காப்பாற்றுகிறான். அவள் அவனைக் காப்பாற்றுகிறாள். நடுவில் தரையைத் தேய்த்துத் தேய்த்து என் முதுகு போகிறது!

அக்காவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள். நாய் தொட்ட இடத்தைச் சுத்தி செய்யாமல் விடுவதா, அதுவும் பூஜை நடக்கிற வீட்டில்? அவளிடம் அந்த ஆசாரத்தைத் தவிர வேறு என்ன இருந்தது? அதையும் விடு என்று சொல்ல எனக்கே நாக்குக் கூசிற்று. அவள் துவைக்கிற கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து அவள் காலடியில் படுத்துக்கொண்டான்.

"பாவம்னா எனக்கு வரட்டும்டி" என்றாள். "இது எங்கே போகும்?"

அன்று முதல் சொம்பில் மஞ்சள் தண்ணீர். நான் புளியும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து வாசனை போகக் கழுவுவேன். அவள் அதே சொம்பு, அதே மாவிலை, அதே மந்திரத்தோடு மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பாள். அவன் மூக்கு தூணை நோக்கித் திரும்பினால் போதும், "கட்டேல போறவனே, வெளில வாடா" என்று கொல்லைக்கு விரட்டுவாள். முருங்கை மரத்தடியில் காரியத்தை முடித்தால் தோசை ஓரம் கிடைக்கும். நாள் முழுக்க அவள் குரல்தான் வீட்டில். வைதாள், மிரட்டினாள், புகழ்ந்தாள், ஒருநாள் வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் சிரித்தாள். பால்காரருக்குத்தான் மனக்குறை. "இன்னாம்மா, சொம்பே நீட்ட மாட்டேன்றீங்க? மாடு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று வாசலில் நின்று கேட்டார். நான் அவசரமாக உள்ளே வந்துவிட்டேன்.

திவசத்துக்குள் தூண் காய்ந்து சுத்தமாக நின்றது. அன்று காலை நாயைக் கிணற்றடியில் கட்டிவிட்டோம். சாஸ்திரிகள் வருவதற்கு முன்னால் அக்கா சொம்போடு வந்தாள். எப்போதும் இல்லாத வழக்கமாக மாமனார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். தன் மனைவியின் நாள், தானே தெளிப்பதாகச் சொன்னார். கோமியத்தின் வாசனை சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர் சொம்பை முகத்தருகே கொண்டுபோய் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மாவிலையை எடுத்தார். மந்திரம் சொல்லி, கூடம் முழுவதும், தூணைச் சுற்றி, மனைவியின் திவசம் நடக்கப்போகிற இடத்திலெல்லாம் அந்த மஞ்சள் தண்ணீரை நிதானமாகத் தெளித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிராமணர்கள் சாப்பிட்டுப் போய், எல்லாம் ஓய்ந்த மத்தியானத்தில் அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். நான் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் அக்கா அவனை வைதுகொண்டிருந்தாள். வடையை அப்படியே முழுங்குகிறானாம், நாளைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறானாம், அப்போது கட்டேல போறவனை யார் பார்த்துக்கொள்வார்களாம். மாமனார் கண்ணை மூடியபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் திறந்து தூணைப் பார்த்தார்.

"எனக்கும் மூக்கு இருக்கு. இது இன்னிக்கு நேத்திக்குத் தெரிஞ்சதில்லே" என்றார்.

நான் துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"இந்தாத்துல அவ குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமோ? அந்த நாயும் போயிட்டா அவ யாரை வைவா?" தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பால்காரன் கேட்டா, கோமியம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன்னு சொல்லிடு" என்றார்.