உம்மாவின் கண்ணுக்கு அத்தா வாங்கிய கண்ணாடி

என் உம்மா ஹபீபா பீவி தைத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு சூலியா தெருவில் பாதிப் பேர் தொழுகைக்குப் போவார்கள். அவரைத் தெருவில் பார்த்தவர் மட்டும் ஒருவரும் கிடையாது. பக்கத்திலேயே கம்போங் கொலம் தெரு வீட்டில் கோஷாவாகவே இருந்தார். ஆனால் வாய் தெருக்கோடி வரை கேட்கும். மீன்காரனுக்கே அந்தக் குரலென்றால் நடுக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அந்த வாய் அடங்கிப்போனது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். விளக்கு ஏற்றினால் அதைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிகிறது என்றார். தலைவலி தாங்காமல் வாந்தி எடுத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. உம்மாவுக்குக் கண் போய்விடுமோ என்ற கவலையில், கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்ப்பேன். நாலாவது அடியிலேயே பயந்து திறந்துவிடுவேன்.

அத்தா என்ன செய்தார் தெரியுமா? உம்மாவின் முகத்தைக் காதுக்குக் காது நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்டாட்டியைக் கடைக்குக் கூட்டிப்போவது கௌரவக் குறைச்சலாம்! நாகூர் மீரானின் கண்ணாடிக் கடையில் தானே உட்கார்ந்து, தன் கண்ணைக் காட்டி, தனக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்த கண்ணாடியை அந்த நூலளவுக்கு வாங்கிவந்தார். யாருக்கு என்று மீரானிடம் மூச்சு விடவில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

உம்மா போட்டுப் பார்த்தார். “நல்லாத் தெரியுதுங்க,” என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், தொப்பியோடு தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அத்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடைக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். இந்த முறை எதையும் மறைக்காமல் சொன்னார்.

“வெளக்கச் சுத்தி வட்டமா? வாந்தியுமா?” மீரான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். “இது கண்ணாடிக்கு அடங்காதுலா, அண்ணே. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

உம்மா மாட்டேன் என்றார். “ஆம்பள டாக்டர் மூஞ்சியத் தொடுவாரு. மௌத்தாப் போனாலும் வரமாட்டேன்.”

மீரானே வந்து எங்கள் வாசல் திரைக்கு வெளியே நின்றார். “லாத்தா, நான் உங்க தம்பி மாதிரி. இடது கண்ணக் கையால பொத்திக்கிட்டு மவ மொகத்தப் பாருங்க.”

திரைக்கு உள்ளே நான் முட்டியோடு முட்டி இடிக்க உம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உம்மா பொத்தினார்.

“ருக்கையா, எங்கடி போனே?”

“இங்கதான் இருக்கேன் உம்மா!” எனக்கு அழுகை வெடித்துவிட்டது. வலது கண் போனதே அவருக்குத் தெரியாது. இடது கண் அத்தனை நாளும் ஈடு கொடுத்து வந்திருக்கிறது. கையை எடுத்தார், பொத்தினார், மறுபடி எடுத்தார். பிறகு எழுந்து, “ரிக்‌ஷா கூப்புடுங்க,” என்றார்.

வலது கண் இனித் திரும்பாது, இடது கண்ணுக்கு நாளைக் காலையே ஆபரேஷன் என்றார் டாக்டர். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். அத்தா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். “என் கண்ணக் காட்டி வாங்கினேனே, பாவி!”

“பொய் சொன்னது நானுங்க,” என்றார் உம்மா. “அதப் போட்டும் ஒண்ணும் சரியாத் தெரியல. சொன்னா கடைக்கு இழுத்துட்டுப் போவீங்கன்னு பயந்தேன்.” பிறகு என் கையை நசுக்கிப் பிடித்தார். “இப்ப அதவிடப் பயமா இருக்குடி. போயிராதே.”

இடது கண் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு வலப்பக்கம் யார் வந்தாலும் உம்மா திடுக்கிட்டு அலறுவார். அதனால் அவர் மௌத்தாகும்வரை, பதினாறு வருஷம், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், நான் அந்தப் பக்கமே நடந்தேன். நான் இருப்பது தெரிய, வாய் ஓயாமல் ஏதாவது பேசிக்கொண்டே நடந்தேன்.